2012இல் மூன்று ஸ்நோ ஒயிட்கள்: விமர்சகர்கள் எதை அளந்தார்கள்?

கிரிம் சகோதரர்களின் கதைத் தொகுப்பு முதன்முதலாக அச்சேறியது 1812இல். சரியாக இருநூறு ஆண்டுகள் கழித்து, அதிலுள்ள ஒரே கதையை எடுத்துக்கொண்டு மூன்று படங்கள் ஒரே ஆண்டில் வெளிவந்தன. மார்ச் 30 அன்று அமெரிக்காவில் தார்செம் சிங்கின் 'மிரர் மிரர்'. ஜூன் 1 அன்று ரூபர்ட் சாண்டர்ஸின் 'ஸ்நோ ஒயிட் அண்ட் தி ஹன்ட்ஸ்மேன்'. செப்டம்பர் 28 அன்று ஸ்பெயினில் பாப்லோ பெர்கரின் 'பிளாங்காநியேவெஸ்'. ஸ்பானிய மொழியில் ஸ்நோ ஒயிட்டுக்கு அதுதான் பெயர். முதல் படம் வண்ணம் கொழிக்கும் நகைச்சுவை. இரண்டாவது வாளும் கவசமுமாக ஓடும் போர்ப்படம். மூன்றாவது கறுப்பு வெள்ளையில் எடுத்த பேசாப்படம்.

விமர்சன வரவேற்பு எப்படி உருவாகிறது என்று பார்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் அரிது. கதையும் ஒன்று, காலமும் ஒன்று, விமர்சனம் எழுதியவர்களிலும் பலர் ஒரே ஆட்கள். தீர்ப்புகள் மட்டும் வேறு. விமர்சனங்களைத் திரட்டிச் சதவீதம் சொல்லும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் முதல் இரண்டு படங்களுக்கும் கிடைத்த ஆதரவு ஏறக்குறைய பாதிக்குப் பாதி. மூன்றாவதற்கு 90 சதவீதத்துக்கும் மேல். ஹாலிவுட் வியாபாரம் தோற்றது, ஐரோப்பியக் கலை வென்றது என்று இதற்கு எளிதாக விளக்கம் சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை. முதல் இரண்டின் மேலும் திரும்பத் திரும்ப வைக்கப்பட்ட குறை, பார்க்க அழகு, உள்ளே சரக்கில்லை என்பது. பார்வை அழகு என்று வந்தால் பெர்கரின் படமும் அவற்றுக்குச் சளைத்ததல்ல. சட்டகத்துக்குச் சட்டகம் இழைத்து இழைத்துச் செய்த படம் அது. ஆனாலும் பெரும்பாலோர் அதை வெறும் அலங்காரம் என்று ஒதுக்கவில்லை.

ஏன் என்பதற்கு என் பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்நோ ஒயிட் கதை அழகை அளப்பதைப் பற்றிய கதை. "யார் அதிக அழகு?" என்று ராணி கண்ணாடியிடம் கேட்கும் கேள்வியில்தான் அத்தனை கேடும் தொடங்குகிறது. அந்தக் கேள்வியைத் தொடாமல் அழகை மட்டும் பெருக்கிய இரண்டு படங்களுக்கும் விமர்சகர்களிடமிருந்து கிடைத்தது அழகுப் போட்டியின் மதிப்பெண். கேள்வியையே இடம் மாற்றி வைத்த படத்தைத்தான் அவர்கள் கதையாக வாசித்தார்கள்.

தேதிப் போட்டி

முதல் இரண்டு படங்களும் வெளிவருவதற்கு முன்பே ஒன்றோடொன்று கட்டிப்போடப்பட்டுவிட்டன. தார்செமின் படம் முதலில் 2012 ஜூன் இறுதிக்கும், சாண்டர்ஸின் படம் அந்த ஆண்டு டிசம்பருக்கும் குறிக்கப்பட்டிருந்தன. யுனிவர்சல் நிறுவனம் தன் படத்தை ஜூன் தொடக்கத்துக்கு இழுத்தது. அதைக் கண்ட ரிலேட்டிவிட்டி நிறுவனம் 'மிரர் மிரர்' படத்தை இன்னும் முன்னதாக மார்ச்சுக்கு நகர்த்தியது. பத்திரிகைகளுக்கு அது தீனியாயிற்று. எந்த ஸ்நோ ஒயிட் ஜெயிப்பாள், எந்த ராணி மிரட்டுவாள் என்று படம் பார்க்கும் முன்பே ஒப்பீடு ஆரம்பித்துவிட்டது. ஜூலியா ராபர்ட்ஸா, சார்லீஸ் தெரோனா? லில்லி காலின்ஸா, கிரிஸ்டன் ஸ்டீவர்ட்டா? பிறகு வந்த விமர்சனங்களில் கணிசமானவை இந்தச் சட்டகத்துக்குள்ளேயே எழுதப்பட்டன.

மூலக்கதைக்கு உண்மையாக இருந்தார்களா என்ற பழைய கேள்வி இந்த விவாதத்தில் அதிகம் எழவில்லை. எழாததும் நியாயம்தான், ஏனென்றால் இந்தக் கதைக்கு ஒற்றை மூலம் கிடையாது. 1812 பதிப்பில் சிறுமியைக் கொல்லச் சொல்பவள் அவளைப் பெற்ற தாய். 1819 பதிப்பில்தான் கிரிம்கள் அவளை மாற்றாந்தாய் ஆக்கினார்கள். இளவரசன் முத்தமிட்டு எழுப்புவதும் அவர்களிடம் இல்லை. 1857இன் இறுதிப் பதிப்பில், சவப்பெட்டியைச் சுமந்துபோகிறவர்கள் கால் இடறுகிறார்கள். அந்த அதிர்ச்சியில் தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியே தெறிக்கிறது, அவள் கண் விழிக்கிறாள். முத்தம் 1937இன் டிஸ்னி படம் வழியாக நம் மனத்தில் ஊன்றிய காட்சி. கிரிம்களின் முடிவில் ராணி பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பை மாட்டிக்கொண்டு செத்து விழும்வரை ஆட வேண்டியிருக்கிறது. ஆகவே எதை மாற்றினார்கள் என்பதைக் காட்டிலும், மாற்றியதற்குக் காரணம் இருக்கிறதா என்பதே கேட்கத் தகுந்தது.

இரண்டு படங்கள், ஒரே குறை

'மிரர் மிரர்' படத்தைப் பற்றி எழுதியவர்கள் அநேகமாக எல்லாரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: ஆடைகள். ஐகோ இஷியோகா வடிவமைத்த கடைசிப் படம் இது. கொப்போலாவின் டிராகுலா படத்துக்காக ஆஸ்கர் பெற்றவர் அவர். தார்செமின் முதல் படத்திலிருந்து அவருடன் வேலை செய்தவர். 2012 ஜனவரியில், படம் வெளிவருவதற்கு இரண்டு மாதங்கள் முன்பு, இறந்துபோனார். இந்த ஆடைகளுக்கு அவர் மறைவுக்குப் பிறகு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. அன்னப்பறவை தலையில் அமர்ந்த வெள்ளை உடையையும், ராணியின் விரிந்து பரந்த பாவாடைகளையும் பாராட்டிவிட்டு, அடுத்த பத்தியில் நகைச்சுவை எடுபடவில்லை, சுருதி நிலையாக இல்லை என்று முடித்த விமர்சனங்களே மிகுதி.

அந்தக் குறையில் பாதி உண்மை. நாய்க்குட்டிக் காதல் மருந்து குடித்து இளவரசன் நாயாகக் குழையும் பகுதி நீண்டுகொண்டே போகிறது. ஆனால் எழுதியவர்கள் கவனிக்கத் தவறியதும் உண்டு. தார்செமின் படத்தில் கண்ணாடிக்குள் இருப்பது ராணியேதான். நிதானமான, வயதைக் கண்டு பயப்படாத இன்னொரு ராணி. மந்திரத்துக்கு விலை உண்டு என்று எச்சரிப்பவள் அவளே. கடைசியில் வெளியே இருக்கும் ராணி திருமணப் பந்தலுக்குக் கிழவியாக வந்து ஆப்பிளை நீட்டும்போது, ஸ்நோ ஒயிட் அதைக் கடிக்கவில்லை. துண்டு நறுக்கி அவளிடமே திருப்பிக் கொடுக்கிறாள். இளவரசனை முத்தமிட்டு மயக்கத்திலிருந்து விடுவிப்பவளும் அவள்தான். கதையின் முதுகெலும்பையே திருப்பிப் போட்ட மாற்றங்கள் இவை. படம் இவற்றை விளையாட்டாகச் சொல்லியதால் விமர்சனங்களும் விளையாட்டாகவே கடந்தன. அதற்குத் தார்செமும் பொறுப்பு. கண்ணாடிக்குள் இருக்கும் ராணிக்கு அவர் போதிய நேரம் கொடுத்திருந்தால், ஆடைகளைத் தாண்டிப் பேச விமர்சகர்களுக்கு ஏதாவது கிடைத்திருக்கும்.

சாண்டர்ஸின் படம் நேர் எதிர்த்திசையிலிருந்து வந்து அதே இடத்தில் மாட்டிக்கொண்டது. இங்கே சிரிப்புக்கு இடமே இல்லை. வெண்கலத் தட்டிலிருந்து உருகி வழிந்து, முக்காடிட்ட மனித உருவாக எழுந்து நிற்கும் கண்ணாடி. பாற்குளியலிலிருந்து எழும் ராணி. இளம்பெண்களின் உயிரை உறிஞ்சித் தன் இளமையை மீட்டுக்கொள்ளும் காட்சி. விளம்பரப் படங்கள் எடுத்துவந்த சாண்டர்ஸுக்கு இதுதான் முதல் முழுநீளப் படம். அந்தப் பின்னணியைப் பலர் பாராட்டாகவும் சிலர் வசையாகவும் குறிப்பிட்டார்கள். வனத்தின் நடுவே வெண்கலைமான் தோன்றும் காட்சியில் ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் மியாசாகியின் 'பிரின்சஸ் மோனோனோகே' அப்பட்டமாகத் தெரிகிறது என்று சுட்டிக்காட்டியவர்கள் உண்டு. கவசம் பூண்ட ஸ்நோ ஒயிட்டை ஜோன் ஆஃப் ஆர்க்கோடு ஒப்பிட்டார்கள். ஒவ்வொரு படிமமும் தனியே நின்று பிரமிக்க வைக்கிறது, ஒன்று மற்றொன்றுக்கு இட்டுச்செல்வதில்லை என்பது பொதுவான முறையீடு. எனக்கும் அதில் மறுப்பில்லை.

என்னை உறுத்துவது வேறு. ஸ்டீவர்ட் எப்படித் தெரோனை விட அழகு ஆவார், இதை யார் நம்புவார்கள் என்ற ரகத்தில் ஒரு வரி பல ஆங்கில விமர்சனங்களில் இடம்பெற்றது. நகைச்சுவையாகவே எழுதினார்கள் என்பது தெரிகிறது. ஆனால் எழுதியவர்கள் செய்தது என்ன? இரண்டு பெண்களை அருகருகே நிறுத்தி, எவள் அழகு என்று தீர்ப்புச் சொன்னார்கள். அது கண்ணாடியின் வேலை. கதை யாரைக் கொடுமையின் ஊற்றாகக் காட்டுகிறதோ அந்த இடத்தில் விமர்சகர் போய் உட்கார்ந்துகொண்டால், அவரால் படத்தை எங்கிருந்து பார்க்க முடியும்? இந்த ராணியின் முன்கதையில் அழகு என்பது ஏழைப் பெண்ணுக்குக் கிடைத்த ஒரே ஆயுதம். அவளுடைய தாயே மந்திரத்தால் பூட்டிவிட்ட ஆயுதம். அதைப் பற்றி விரிவாக எழுதியவர்கள் குறைவு. தெரோனின் நடிப்பு மிகையா, மிரட்டலா என்பதைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம்.

இரு படங்களுக்கும் கிட்டத்தட்ட ஒரே சதவீதம் விழுந்ததைப் பார்த்து இரண்டும் ஒரே தரம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த எண் ஆதரவு, எதிர்ப்பு என்ற இரண்டே பெட்டிகளில் விமர்சனங்களைப் போட்டு எண்ணுகிறது. தார்செமின் படத்தைப் பிடிக்காதவர்கள் அது இலேசாக இருக்கிறது என்றார்கள். சாண்டர்ஸின் படத்தைப் பிடிக்காதவர்கள் அது கனமாக இருக்கிறது என்றார்கள். எதிரெதிர்க் காரணங்கள் ஒரே எண்ணாகச் சுருங்கிவிட்டன. வசூலில் இரண்டும் வெகுதூரம் விலகி நின்றன. சுமார் 17 கோடி டாலர் செலவான 'ஹன்ட்ஸ்மேன்' உலகளவில் 39 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. 'மிரர் மிரர்' ஈட்டியது அதில் பாதியைக்கூட எட்டவில்லை.

பெர்கர் கண்ணாடியை எடுத்துவிட்டார்

'பிளாங்காநியேவெஸ்' அவசரத்தில் பிறந்த படமல்ல. பெர்கரின் முதல் படம் 2003இல் வந்தது. அடுத்த படத்தைப் பேசாப்படமாகவே எடுப்பது என்று உறுதியாக இருந்ததால் பணம் திரட்டவே ஆண்டுகள் கரைந்தன. வேலை நடந்துகொண்டிருக்கும்போது, 2011 கான் விழாவில் 'தி ஆர்ட்டிஸ்ட்' திரையிடப்பட்டது. அதுவும் கறுப்பு வெள்ளைப் பேசாப்படம். 2012 பிப்ரவரியில் அதற்கு ஐந்து ஆஸ்கர்கள். யாரும் செய்யத் துணியாத காரியம் என்று பெர்கர் நம்பிச் சுமந்துவந்தது, திரைக்கு வரும் முன்பே இரண்டாவதாகிவிட்டது. முதலில் எழுதிய பலர் இரண்டையும் ஒப்பிட்டுத்தான் தொடங்கினார்கள். ஆனால் ஒப்பீடு சீக்கிரமே பெர்கருக்குச் சாதகமாகத் திரும்பியது. 'தி ஆர்ட்டிஸ்ட்' ஹாலிவுட்டின் பேசாப்படக் காலத்தைப் பற்றிய படம். பெர்கருடையது ஐரோப்பியப் பேசாப்படங்களின் மொழியிலேயே கதை சொல்லும் படம்.

கதை 1910களில் தொடங்கி 1920களின் செவில் நகரில் நடக்கிறது. புகழ்பெற்ற காளைச் சண்டை வீரர் அன்டோனியோ வில்யால்டா அரங்கில் குத்துப்பட்டு உடல் செயலிழந்துபோகிறார். அதே நாளில் மனைவி பிரசவத்தில் இறக்கிறாள். மருத்துவமனைத் தாதி என்கார்னா அவரை மணந்து வீட்டைக் கைக்குள் போட்டுக்கொள்கிறாள். மகள் கார்மென்சீத்தா பாட்டியிடம் வளர்கிறாள். பாட்டி இறந்ததும், முதல் நற்கருணைக்காகத் தைத்த வெள்ளைக் கவுன் சாயத் தொட்டியில் அமிழ்ந்து கறுப்பாக மேலே வருகிறது. வசனம் இல்லை, விளக்க அட்டை இல்லை. ஒரு குழந்தையின் துக்கமும் அவள் இனிப் போகப்போகிற வீட்டின் இருளும் ஒரே அசைவில் சொல்லப்பட்டுவிடுகின்றன. மற்ற இரண்டு படங்களின் ஆடைகளைப் பற்றி இவ்வளவு பேசியவர்கள் இந்தக் கவுனைப் பற்றிப் பேசும்போது ஆடை வடிவமைப்பு என்ற சொல்லையே பயன்படுத்த வேண்டியிருக்காது. இங்கே ஆடை கதையின் திருப்பம்.

பெரிய வேறுபாடு கண்ணாடியில் இருக்கிறது. மந்திரக் கண்ணாடி இந்தப் படத்தில் கிடையாது. மரிபெல் வெர்டூ நடித்த என்கார்னா புகைப்படத்துக்கு ஏங்குகிறவள். பத்திரிகையில் தன் படம் வர வேண்டும், மாளிகையும் உடையும் ஊருக்குத் தெரிய வேண்டும். கணவரைப் படிக்கட்டில் தள்ளிக் கொன்ற பிறகு, அவருடைய சடலத்தின் அருகே துக்கம் கேட்க வந்தவர்கள் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். மாற்றுமகள் காளைச் சண்டை வீராங்கனையாக அரங்கில் பெயர் வாங்கி, பத்திரிகையின் வெளிச்சம் அவள் பக்கம் திரும்பும்போது இவளுக்கு வெறி ஏறுகிறது. "யார் அழகு?" என்பது இங்கே "யாரை ஊர் பார்க்கிறது?" என்று மாறிவிட்டது. அரங்கின் கூட்டம், கேமரா, அச்சிட்ட தாள் எல்லாமே கண்ணாடி. அதனால்தான் இந்தப் படத்தைப் பார்த்த விமர்சகர்களுக்கு வெர்டூவையும் மாற்றுமகளாக நடித்த மகரேனா கார்சியாவையும் பக்கத்தில் நிறுத்தி அழகு பார்க்கத் தோன்றவில்லை. தோன்ற வழியே வைக்காமல் பெர்கர் கதையைக் கட்டியிருந்தார்.

முடிவும் அப்படித்தான். விஷ ஆப்பிளால் மயங்கிய பெண்ணை ஒப்பந்தக்காரன் விடுவதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அவளிடம் வாழ்நாள் ஒப்பந்தம் முன்பே வாங்கி வைத்திருக்கிறான். கண்ணாடிப் பெட்டியில் கிடத்தி, சந்தைக் கொட்டகையில் காட்சிக்கு வைத்து, முத்தமிட்டு எழுப்பிப் பார்க்கக் காசு வசூலிக்கிறான். நமக்குப் பழகிய அந்த முத்தத்தை இவ்வளவு கடுமையாக விசாரித்த திரைத் தழுவலை நான் வேறு பார்த்ததில்லை. முத்தம் எதையும் மீட்பதில்லை, அது விற்பனைப் பொருள். சில விமர்சகர்களுக்கு இந்த முடிவு தேவையில்லாத குரூரமாகப் பட்டது. மற்றவர்கள் படத்தின் உச்சம் இதுவே என்றார்கள். எனக்கு இரண்டாவது கட்சிதான் சரி.

பாராட்டு ஸ்பெயினில் பரிசுகளாகக் குவிந்தது. சான் செபஸ்தியான் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு கிடைத்தது; சிறந்த நடிகைக்கான வெள்ளிச் சிப்பியை மகரேனா கார்சியா பகிர்ந்துகொண்டார். 2013 பிப்ரவரியில் நடந்த கோயா விருது விழாவில் 18 பரிந்துரைகளில் 10 விருதுகள். சிறந்த படமும் அவற்றுள் ஒன்று. ஆனால் சிறந்த இயக்குநர் விருது 'லோ இம்போசிப்லே' எடுத்த பயோனாவுக்குப் போயிற்று. ஸ்பெயின் இதை ஆஸ்கருக்கு அனுப்பியது. இறுதிப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை.

இந்த வரவேற்பைக் காலத்திலிருந்து பிரித்துப் பார்க்கக் கூடாது. 2012 செப்டம்பர் 1 முதல் ஸ்பெயினில் திரையரங்கச் சீட்டுக்கான மதிப்புக் கூட்டு வரி 8 சதவீதத்திலிருந்து 21 ஆக ஏறியது. பெர்கரின் படம் வந்தது நான்கு வாரம் கழித்து. நாடு முழுக்க வங்கிக் கடன் கட்ட முடியாமல் மக்கள் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டுக்கொண்டிருந்தார்கள். கோயா மேடையில் வெர்டூ தன் விருதை அப்படி வீடிழந்தவர்களுக்குக் காணிக்கையாக்கினார். படிக்காத பெண்ணைக் கையொப்பத்தால் சிக்க வைக்கும் ஒப்பந்தக்காரனை அந்த ஆண்டின் ஸ்பானியப் பார்வையாளர் எப்படிப் பார்த்திருப்பார்? வெளிநாட்டு விமர்சனங்கள் பேசாப்படக் கலையையே அதிகம் பேசின. இந்த அடுக்கு அவற்றில் சரியாக விழவில்லை என்பது என் கருத்து.

எதிர்ப்பும் இருந்தது. பழைய படங்களின் பாணியைத் திறமையாக நகலெடுத்தது என்பதற்கு மேல் இல்லை என்றவர்கள் உண்டு. காளைச் சண்டையைக் கவர்ச்சியாகக் காட்டுவதைப் பொறுக்காதவர்கள் உண்டு. ஸ்பெயினின் கட்டலோனியாப் பகுதியில் காளைச் சண்டைக்கு விதித்த தடை 2012 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. கதையின் உச்சத்தில் கூட்டம் வெள்ளைக் கைக்குட்டைகளை வீசிக் காளைக்கு உயிர்ப்பிச்சை கேட்பது அந்த ஆட்சேபத்துக்குப் பதிலாகுமா என்றால், முழுப் பதிலாகாது. அரங்கின் பொலிவில் படம் மயங்கியிருப்பது உண்மை. அதைக் குறையென்று சொன்னவர்கள் படத்தைத் தவறாகப் புரிந்துகொண்டவர்கள் அல்லர்.

குள்ளர்கள் விஷயத்தில் விமர்சனம் தவறியது

சாண்டர்ஸின் படத்தில் குள்ளர்கள் எட்டுப் பேர். நடுவில் ஒருவர் இறக்க ஏழாகிறார்கள். தார்செமிடம் ஏழு. பெர்கரிடம் ஆறே பேர், ஊர் ஊராகப் போகும் காளைச் சண்டைக் குழுவினர். "பிளாங்காநியேவெஸும் ஏழு குள்ளர்களும்" என்று விளம்பரப்படுத்திக்கொள்கிறார்கள். அவர்களில் ஒருவன் அவள்மேல் பொறாமைப்படுகிறான், இன்னொருவன் காதலிக்கிறான். கறுவல், காசு, பாசம் எல்லாம் உள்ள மனிதர்கள்.

'ஹன்ட்ஸ்மேன்' படத்தில் பாப் ஹாஸ்கின்ஸ், இயன் மெக்ஷேன், டோபி ஜோன்ஸ் போன்ற தேர்ந்த நடிகர்களைக் கணினி உத்தியால் குள்ளமாக்கினார்கள். உயரம் குறைந்தோருக்கான அமைப்பான லிட்டில் பீப்பிள் ஆஃப் அமெரிக்கா ஆட்சேபித்தது. தங்கள் உறுப்பினர்களுக்குக் கிடைக்கக்கூடிய அரிய வேடங்களையும் பறித்துவிட்டார்கள் என்பது அதன் வாதம். விமர்சனப் பக்கங்களில் இந்த வாதம் உரிய இடத்தைப் பெறவில்லை. நடிகர்களின் முகங்களை அடையாளம் கண்ட மகிழ்ச்சியும், உத்தியின் நேர்த்திக்கான பாராட்டுமே மிஞ்சின. சிறந்த காட்சி விளைவுக்கான ஆஸ்கர் பரிந்துரையும் படத்துக்கு வந்தது. எதிர்ப்புறம், 'மிரர் மிரர்' ஏழு வேடங்களையும் உயரம் குறைந்த நடிகர்களுக்கே கொடுத்து, ஆளுக்கொரு குணமும் கொடுத்திருந்தது. ஆடைகளுக்குக் கிடைத்த பாராட்டில் கால் பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை.

'ஹன்ட்ஸ்மேன்' வரிசையின் அடுத்த படம் 2016இல் ஸ்நோ ஒயிட் கதாபாத்திரத்தை ஏறக்குறைய ஒதுக்கிவிட்டு வந்து, விமர்சனத்திலும் வசூலிலும் விழுந்தது. 2022 ஜனவரியில், டிஸ்னி தன் பழைய படத்தை மறுபடி எடுக்கப்போவதைக் கேட்ட, உயரம் குறைந்த நடிகர் பீட்டர் டிங்க்லேஜ், குகைக்குள் ஏழு குள்ளர்கள் வாழும் கதையை இன்னுமா சொல்கிறீர்கள் என்று வெளிப்படையாகச் சினந்தார். 2025 மார்ச்சில் அந்தப் படம் வெளியானபோது ஏழு பேரும் கணினி உருவங்களாக இருந்தார்கள். இம்முறை விமர்சகர்கள் அதைப் பற்றி நிறையவே எழுதினார்கள். வேடங்களை உரியவர்களுக்குக் கொடுத்த தார்செமின் வழியும், குள்ளர்களைக் குகையிலிருந்து எடுத்துத் தொழில் செய்து பிழைக்கும் மனிதர்களாக்கிய பெர்கரின் வழியும் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே திரையில் இருந்தன. 2012இலேயே அவற்றைப் பேசியிருந்தால் 2025இன் விவாதம் தொடக்கத்திலிருந்து நடந்திருக்க வேண்டியதில்லை.